ஸ்பெயினின் அந்தப் பத்து வருடங்கள்

அரசுக் கொள்கைகளைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசினால், எப்படியும் ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார்: "அந்த நாட்டுல ஒரே ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க, எல்லாம் சரியாப் போச்சு. மத்த நாடுகளும் செய்யலாமே?" பள்ளிக்கூடம் என்றால் பின்லாந்து, வீட்டுவசதி என்றால் சிங்கப்பூர், மின்னணு ஆட்சி என்றால் எஸ்டோனியா, போதைப்பொருள் என்றால் போர்ச்சுகல். சிக்கலுக்கு ஒரு முன்மாதிரி நாடு, அந்த நாட்டின் வெற்றிக்கு ஒரு வரியில் காரணம். பக்கத்து நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. அதைவிட மலிவான, வலியில்லாத கல்வி ஓர் அரசாங்கத்துக்குக் கிடைக்காது. ஆனால் அந்த ஒரு வரிக் காரணம் மட்டும் எனக்கு நெடுநாளாகச் செரிக்கவில்லை. செரிக்காமல் போனதற்கு ஒரு வரைபடம் காரணம்.

2003இல் 'சயன்ஸ்' இதழில் எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் வந்த வரைபடம் அது. கொள்கை வகுப்புகளிலும் பயிற்சி முகாம்களிலும் அதைக் காட்டாத ஆசிரியர்கள் குறைவு. பதினொரு ஐரோப்பிய நாடுகள், நாட்டுக்கு ஒரு தூண். நான்கு தூண்கள் குட்டை, ஏழு தூண்கள் நெட்டை. தூணின் உயரம் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களின் சதவீதம். ஜெர்மனியில் 12, ஆஸ்திரியாவில் 99.98. டென்மார்க்கில் 4.25, ஸ்வீடனில் 85.9. பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்குள் இவ்வளவு பள்ளம். காரணம் ஒன்றுதான் என்று வரைபடம் சொன்னது: குட்டைத் தூண் நாடுகளில் தானம் செய்ய விரும்புகிறவர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்; நெட்டைத் தூண் நாடுகளில் விருப்பம் இல்லாதவர்தான் பதிவு செய்ய வேண்டும், பேசாமல் இருந்தால் சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். சட்டத்தில் ஒரு பிரிவைத் திருப்பிப் போட்டால் போதும், லட்சக்கணக்கான உயிர்கள். பார்த்தவுடன் யாருக்கும் புல்லரிக்கும்.

அந்தத் தூண்கள் எதை அளக்கின்றன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவின் 99.98 என்பது, மறுப்புப் பட்டியலில் பெயர் கொடுக்காதவர்களின் எண்ணிக்கை. அவர்கள் இறந்தபோது உறுப்பு எடுக்கப்பட்டதா, யாருக்காவது பொருத்தப்பட்டதா என்ற கேள்விக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கட்டுரை எழுதியவர்கள் இதில் கவனமாகவே இருந்தார்கள். உண்மையில் நடந்த தானத்தைத் தனியாகக் கணக்கிட்டு, வித்தியாசம் பதினாறு சதவீதம் அளவுக்குத்தான் என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பகுதி வகுப்புகளுக்குள் வரவில்லை, வரைபடம் மட்டும் வந்தது. நெட்டைத் தூண் கொண்ட ஸ்வீடன் உண்மையான தானத்தில் ஐரோப்பாவின் கீழ்ப்பாதியில்தான் வெகுகாலம் இருந்தது. பெயரைப் பதிவு செய்யச் சொல்லும் அமெரிக்காவிலோ, மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால், ஸ்வீடனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தானம் நடக்கிறது.

சரி, அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? இதற்கு விடை தேடும் எண்ணம் எனக்கு ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் வந்தது.

வராந்தாவில் நடந்தது

சில வருடங்களுக்கு முன் நெருங்கிய நண்பர் ஒருவரின் தம்பி சாலை விபத்தில் அடிபட்டு ஐசியூவில் இருந்தார். வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, கையைத் தொட்டால் சூடு இருந்தது. இரண்டாவது பரிசோதனையும் முடிந்து மூளைச்சாவு உறுதியாகிவிட்டது என்று மாலையில் சொன்னார்கள். சொன்ன டாக்டர் மிகவும் இளையவர், அன்று முழுக்க ஓடிக்கொண்டிருந்தவர். சொல்லிவிட்டுப் போனவர் சற்று நேரத்தில் ஒரு படிவத்தோடு திரும்பி வந்தார். ஸ்ட்ரெச்சர் போகிற வழி, ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அங்கேயே நின்றபடி நண்பரின் அக்காவிடம், "உறுப்பு தானம் பத்தி யோசிக்கிறீங்களாம்மா? சீக்கிரம் முடிவு சொன்னா நல்லது" என்றார். அக்கா அவரைப் பார்த்தார், மூடியிருந்த ஐசியூ கதவைப் பார்த்தார். "அவன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கான்?" என்று கேட்டார். டாக்டருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. அது இயந்திரம் விடும் மூச்சு என்று ஏதோ சொன்னார். வேண்டாம் என்று குடும்பம் முடிவு செய்தது. டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. ஒரு கடினமான பேச்சு முடிந்துவிட்ட நிம்மதி.

வெகுநாள் கழித்து அக்காவே அந்தப் பேச்சை எடுத்தார். "குடுக்கக் கூடாதுன்னு நாங்க நினைக்கல. அவனே ஒருதடவை சொல்லியிருக்கான், நான் போனா எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துடுங்கன்னு. ஆனா அன்னைக்கு யாராவது ஒருத்தர் எங்களோட உக்காந்து, அவன் போயிட்டான்கிறதை முதல்ல எங்களுக்குப் புரிய வச்சிருந்தா..." என்று நிறுத்தினார்.

அந்தப் படிவத்தின் பின்னால் எந்த வகைச் சட்டம் இருந்திருந்தாலும் அன்றைய மாலை ஒன்றுதான். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று சட்டம் சொல்லும் நாடுகளிலும், ஏறக்குறைய எல்லா இடத்திலும், குடும்பத்திடம் பேசாமல் டாக்டர்கள் உறுப்பை எடுப்பதில்லை. அழுதுகொண்டிருக்கும் தாயிடம் சட்டப் பிரிவைக் காட்டி அறுவை அரங்குக்கு உடலைத் தள்ளிப் போக எந்த டாக்டருக்கும் மனம் வராது; வரவும் கூடாது. ஆக, கொள்கையின் விதி தீர்மானமாகும் இடம் அந்த வராந்தா. அங்கே யார் வருகிறார், எப்போது வருகிறார், நிற்கிறாரா உட்காருகிறாரா, அவருக்கு இதற்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, யாராவது இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களா. இந்தக் கேள்விகள் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இல்லை. இதற்கப்புறம்தான் ஸ்பெயினைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். உறுப்பு தானத்தில் 1992இலிருந்து உலகிலேயே முதலிடத்தில் இருக்கும் நாடு என்று எல்லோரும் கைகாட்டும் நாடு அது.

சட்டம் இருந்தும் நடக்காதது

ஸ்பெயின் சட்டம் 1979 அக்டோபரில் வந்தது. மறுப்புச் சொல்லாதவர் எல்லோரும் கொடையாளர் என்றே அதில் எழுதியிருக்கிறது. ஸ்பெயினின் வெற்றிக்கு இதுதான் காரணம் என்று பல நாடாளுமன்றங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 1989 நிலவரம் என்ன? பத்து லட்சம் பேருக்கு வருடத்துக்குச் சுமார் 14 கொடையாளர்கள். அந்தக் கால ஐரோப்பாவில் சாதாரண எண். சட்டம் வந்து பத்து வருடம் முழுசாக ஆகியிருந்தது. அந்தப் பத்து வருடங்களை யாரும் பேசுவதே இல்லை. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிக முக்கியமான சான்று அதுதான். சட்டமே காரணமாக இருந்திருந்தால் 1980களிலேயே எண்கள் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

1989இல் தேசிய உறுப்பு மாற்று நிறுவனம் என்ற சிறிய அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் தலைவராக வந்தவர் ரஃபேல் மாத்தெசான்ஸ், சிறுநீரக மருத்துவர். சட்டத்தில் அவர் கை வைக்கவில்லை. ஆட்களை நியமித்தார். உறுப்பு எடுக்கும் வசதியுள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர். இந்த இடத்தில்தான் நுணுக்கம் இருக்கிறது. அந்த ஒருங்கிணைப்பாளர் தலைநகரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் அதிகாரி கிடையாது. உறுப்பைப் பொருத்தும் அறுவை மருத்துவர் குழுவைச் சேர்ந்தவரும் கிடையாது. பெரும்பாலும் அதே ஆஸ்பத்திரியின் ஐசியூவில் வேலை செய்யும் டாக்டர். நாளின் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குவார், ஆஸ்பத்திரியின் மருத்துவ இயக்குநருக்கு நேரடியாகப் பதில் சொல்வார். ஐசியூவில் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். மற்ற டாக்டர்களுக்கும் அவர் வெளியாள் ஆகமாட்டார்.

குடும்பத்தோடு பேசுவதை ஒரு மருத்துவத் திறமையாகவே கருதி, டாக்டர்களையும் செவிலியர்களையும் ஆயிரக்கணக்கில் பயிற்றுவித்தார்கள். அடிப்படை விதி ஒன்று: மரணச் செய்தியையும் தானக் கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. முதலில் மரணம். குடும்பத்துக்கு அது புரிந்து, மனதில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அது எத்தனை நேரம் ஆனாலும் சரி. தனி அறை, உட்கார்ந்து பேச்சு. கேள்வி அதற்கப்புறம். நண்பரின் அக்கா கேட்டது இதைத்தான், வேறொன்றும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஸ்பெயினில் நான்கில் ஒரு குடும்பத்துக்கு மேல் மறுத்துக்கொண்டிருந்தது. பின்னாளில் அது சுமார் 15 சதவீதத்துக்கு இறங்கியது. அதே காலத்தில் பிரிட்டனில் மறுப்பு 40 சதவீதத்தை ஒட்டி நின்றது.

இன்னொரு வேலை யார் கண்ணுக்கும் படாதது. ஐசியூவில் நிகழும் ஒவ்வொரு மரணத்தின் பதிவேட்டையும் பின்னால் எடுத்துப் பார்ப்பார்கள். இவர் கொடையாளர் ஆகியிருக்க முடியுமா, முடிந்திருந்தால் எங்கே தவறவிட்டோம், யாரும் கவனிக்கவில்லையா, குடும்பம் மறுத்ததா? வேறு ஊர் ஒருங்கிணைப்பாளர்கள் வந்தும் தணிக்கை செய்வார்கள். உறுப்பு எடுப்பதற்கு ஆகும் செலவை ஆஸ்பத்திரிக்கு ஈடுகட்டுவார்கள். இது நடக்காவிட்டால் நல்ல மனம் கொண்ட நிர்வாகிகூட நாளடைவில் கையை விரித்துவிடுவார். பத்திரிகையாளர்கள் எந்நேரமும் கூப்பிட இருபத்துநாலு மணி நேரத் தொலைபேசி வைத்தார்கள், ஏனென்றால் ஒரு தவறான செய்தி ஒரே வாரத்தில் பல வருட நம்பிக்கையைக் கரைத்துவிடும். வயதானவர்களின் உறுப்பையும் ஏற்கலாம் என்று மருத்துவ நடைமுறையை மாற்றி, கொடையாளர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள் என்ற நிலைக்கு வந்தார்கள். இப்படியெல்லாம் சேர்ந்து 14 என்ற எண் பத்து வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது, 2017இல் 46.9ஆக இருந்தது. இத்தனைக்கும் ஸ்பெயினில் மறுப்பவர்களுக்கென்று தனிப் பதிவேடுகூடக் கிடையாது. எல்லா நேரத்திலும் குடும்பத்தைத்தான் கேட்கிறார்கள். 1979 சட்டத்தின் அந்தப் புகழ்பெற்ற பிரிவு நடைமுறையில் பயன்படுவதே இல்லை. மாத்தெசான்ஸே இதைத் திரும்பத் திரும்ப எழுதியும் பேசியும் வந்தார்: எங்கள் வெற்றிக்கு அந்தச் சட்டம் காரணம் இல்லை என்று. வெற்றி பெற்ற நாடே வாய்விட்டுச் சொல்லியும் மற்ற நாடுகள் சட்டத்தையே எடுத்துக்கொண்டு போனது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள்

பிரேசில் 1997இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மறுப்பவர்கள் அடையாள அட்டையிலோ ஓட்டுநர் உரிமத்திலோ 'கொடையாளர் அல்ல' என்று பதிந்துகொள்ள வேண்டும். ஏழைகள் அரசு ஆஸ்பத்திரிகளை ஏற்கெனவே நம்பவில்லை. முழுசாக உயிர் போகும் முன்பே எடுத்துவிடுவார்களோ என்ற பயம் பரவியது, மக்கள் வரிசையில் நின்று மறுப்பைப் பதிந்தார்கள். டாக்டர்கள் சங்கங்களே எதிர்த்தன. 1998 ஜனவரியில் அமலுக்கு வந்த விதி அதே வருடம் அக்டோபரில் நீங்கியது. நம்பிக்கை இல்லாத இடத்தில் 'பேசாவிட்டால் சம்மதம்' என்பது, பேசாவிட்டால் பறித்துக்கொள்வோம் என்றுதான் கேட்கும். மக்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. அவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சரியாகவே படித்தார்கள்.

பிரிட்டன் கதை இன்னும் ஆழமானது, ஏனென்றால் அங்கே சரியான பாதை ஒருமுறை கையில் இருந்தது. 2006இல் உறுப்பு தானத்துக்கான பணிக்குழு ஒன்று அமைத்தார்கள். பேசாவிட்டால் சம்மதம் என்ற சட்டத்தை இப்போதைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று 2008இல் அது பரிந்துரைத்தது. அதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற சிறப்புச் செவிலியர்கள், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பொறுப்பான டாக்டர், செலவுக்கு ஈடு என்று ஸ்பெயினின் வேலையை ஒட்டிய பட்டியல் கொடுத்தது. ஐந்து வருடத்தில் கொடையாளர் எண்ணிக்கை ஐம்பது சதவீதம் கூட வேண்டும் என்பது இலக்கு. 2013இல் கூடியும் விட்டது. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இவ்வளவு பெரிய வெற்றி செய்தியில் எத்தனை நாள் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? செவிலியர்களை நியமித்த அமைச்சரை யாருக்கும் ஞாபகம் இல்லை.

அப்புறம் சட்டம் வந்தது. வேல்ஸில் 2015 டிசம்பர், இங்கிலாந்தில் 2020 மே. இரண்டும் ஏறக்குறைய ஒரே சட்டம். வேல்ஸ் சட்டத்தை நிறைவேற்றிய பிறகு இரண்டு வருடம் காத்திருந்தது. அந்த இரண்டு வருடமும் வீடு வீடாகத் தகவல் அனுப்பி, குடும்பத்தோடு பேசி வையுங்கள் என்று விளம்பரம் செய்தது. அங்கே குடும்பங்கள் சம்மதிக்கும் விகிதம் அடுத்த சில வருடங்களில் நன்றாகவே ஏறியது. இங்கிலாந்தில் சட்டம் கொரோனா ஊரடங்குக்கு நடுவில் அமலானது. பேச்சு நடக்க வேண்டிய மாதங்களில் ஐசியூக்களுக்குள் உறவினர்களையே விடவில்லை. சம்மத விகிதம் உயராததோடு சற்று இறங்கவும் செய்தது. கொரோனாவைக் கழித்துவிட்டு இங்கிலாந்தை மதிப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே சட்டம், ஒரே சுகாதார மரபு, இரண்டு விளைவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போதைப்பொருள் விஷயத்திலும் இதே கதைதான். போர்ச்சுகல் 2001 ஜூலை முதல் சொந்த உபயோகத்துக்கான அளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலகம் அந்த வரியைப் படித்தது. பிடிபட்டவர் அங்கே ஒரு குழுவின் முன் வந்து உட்கார வேண்டும். சட்டம் தெரிந்த ஒருவர், உளவியலோ சமூகப் பணியோ தெரிந்தவர்கள். அந்தக் குழு சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. இவருக்குச் சிகிச்சை வேண்டுமா, வேலை போய்விட்டதா, வீடு இருக்கிறதா என்று கேட்டு, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அனுப்புவதற்குச் சிகிச்சை மையங்கள் இருந்தன. சட்டத்துக்கு முன்பிருந்தே அவற்றை விரிவாக்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, போர்ச்சுகலைச் சுட்டிக்காட்டியே இதைச் செய்தது. பிடிபட்டவர் கையில் நூறு டாலர் அபராதச் சீட்டு, சீட்டில் ஒரு தொலைபேசி எண். அழைத்துப் பேசினால் அபராதம் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிக மிகக் குறைவு. கட்டாவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. சிகிச்சைக்கென ஒதுக்கிய பணம் அமைப்புகளுக்குப் போய்ச் சேரத் தாமதமானது. அதே நேரத்தில் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான செயற்கைப் போதைப்பொருள் தெருக்களுக்கு வந்தது. 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கிவிட்டார்கள். மரணங்கள் கூடியதற்குச் சட்டம் காரணமா ஃபென்டனில் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு: போர்ச்சுகலில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், ஆரிகனில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. இரண்டையும் 'குற்றம் நீக்கிய இடங்கள்' என்ற ஒரே கட்டத்தில் போட்டு ஒப்பிடுகிறோம்.

போர்ச்சுகலே தன் வேலையை ஒருமுறை மறந்தது. 2012இல், பொருளாதார நெருக்கடிக் காலத்தில், அந்தப் பணியைக் கவனித்த தேசிய நிறுவனத்தைக் கலைத்துச் சிகிச்சைப் பொறுப்பை வட்டார சுகாதார நிர்வாகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சட்டம் அப்படியே இருந்தது, காத்திருப்பு நீண்டது, தெருவில் ஊசி மறுபடி தெரிய ஆரம்பித்தது. மீண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவர 2024 ஆனது.

ஏன் சட்டத்தையே ஒப்பிடுகிறோம்

சட்டம் வெளியிலிருந்து படிக்கக் கிடைக்கிறது, காரணம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மொழிபெயர்க்கலாம், அட்டவணையில் 'உண்டு', 'இல்லை' என்று குறிக்கலாம், நூறு நாடுகளை வரிசையில் நிறுத்திக் கணக்குப் போடலாம். ஓர் ஒருங்கிணைப்பாளர் ஐசியூவில் யாரோடு பேசுகிறார் என்பதை அப்படிக் குறிக்க முடியாது. அங்கே போய் இருந்து பார்க்க வேண்டும், மாதக்கணக்கில். அரசியல்வாதிகளுக்கும் சட்டம் வசதி. ஒரு நாளில் நிறைவேறும், அன்றே படம் வரும். பயிற்சி முகாமைத் தொடங்கி வைத்தால் பலன் அடுத்த ஆட்சிக்குத்தான் போகும். சமையல் குறிப்பை எழுதி வாங்கிக்கொண்டு போகிறவர், சமைத்தவரின் கையைக் கேட்க முடியாதுதானே என்று இதற்குச் சிலர் சமாதானம் சொல்வார்கள்.

கேட்க முடியும் என்பதற்குக் குரோவேஷியா சாட்சி. ஸ்பெயினுக்குப் போய் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். 2000 வாக்கில் ஆஸ்பத்திரிகளில் ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தினார்கள், தேசிய அளவில் ஒருவரைப் பொறுப்பாக வைத்தார்கள், ஆஸ்பத்திரிகளுக்குச் செலவைக் கொடுத்தார்கள். 2007இல் யூரோடிரான்ஸ்பிளான்ட் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். தொடங்கும்போது பத்து லட்சம் பேருக்கு மூன்று கொடையாளர்கூட இல்லை. 2011இல் 33ஐத் தாண்டிவிட்டார்கள். பணக்கார நாடு அல்ல, தொடங்கியபோது போரிலிருந்து வெளியே வந்து வெகுகாலம் ஆன நாடும் அல்ல. ஆகவே 'அவர்கள் கலாசாரம் வேறு' என்று கைகழுவுகிறவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. கலாசாரம் என்று சொல்வதில் பாதி, யாரோ ஒருவர் பொறுமையாகக் கட்டிய ஏற்பாடு.

அதற்காக, சட்டம் வீண் என்ற முடிவுக்கும் போய்விடக் கூடாது. ஜெர்மனி என்னை அங்கே நிறுத்துகிறது. 2019இல் ஜெர்மனி சரியான வேலையையே செய்தது: ஆஸ்பத்திரிகளில் உறுப்பு தானப் பொறுப்பாளர்களுக்குத் தனி நேரம், ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம். 2020 ஜனவரியில் 'பேசாவிட்டால் சம்மதம்' மசோதாவை நாடாளுமன்றம் தோற்கடித்தது. நான் சொல்லிவருவது முழு உண்மை என்றால் அங்கே எண்கள் ஏறியிருக்க வேண்டும். பெரிதாக ஏறவில்லை. பத்து லட்சத்துக்குப் பதினொன்றை ஒட்டியே நிற்கிறது. ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் எல்லோரும் சண்டை போடும் பிரிவில் இல்லை. ஜெர்மனியில் மூளைச்சாவு உறுதியான பிறகு மட்டுமே உறுப்பு எடுக்கலாம். இதயம் நின்று இறந்தவரிடமிருந்து எடுக்க அனுமதி கிடையாது. ஸ்பெயின் 2012இல் அதற்கு முழுமையான விதிமுறை வகுத்தது. சில வருடங்களில் அங்கே கொடையாளர்களில் மூன்றில் ஒருவர் அந்த வழியில் வந்தவர். ஆக, மருத்துவரின் கையைக் கட்டும் சட்டம் நிச்சயம் முக்கியம். அதை எந்த ஒப்பீட்டு வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. அது பேசுவதற்கு இதமான விஷயமும் இல்லை. இதயம் நின்றபின் எத்தனை நிமிடம் காத்திருப்பது, சிகிச்சையை நிறுத்தும் முடிவை எடுப்பவரும் உறுப்பு தானத்தைப் பற்றிப் பேசுபவரும் ஒரே ஆளாக இருக்கலாமா என்ற கேள்விகள் கனமானவை. ஸ்பெயினில் இயல்பாக எடுத்துக்கொள்ளும் சில நடைமுறைகளை, உதாரணமாக இனி காப்பாற்ற முடியாது என்று தெரிந்த நோயாளியைத் தானத்தை மனதில் வைத்து, குடும்பத்தின் ஒப்புதலோடு ஐசியூவில் சேர்ப்பதை, வேறு நாட்டு டாக்டர்கள் தயக்கத்தோடுதான் பார்க்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு.

2024இல் ஜெர்மனியின் மாநிலங்கள் அவை 'பேசாவிட்டால் சம்மதம்' மசோதாவை மறுபடியும் கையில் எடுத்தது. எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே உறுப்புக்காகக் காத்திருக்கிறார்கள், அவசரம் புரிகிறது. மசோதா நிறைவேறினாலும் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அந்த அவையில் ஓர் உறுப்பினராவது எழுந்து ஸ்பெயினின் 1979க்கும் 1989க்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதயம் நின்றபின் தானம் செய்வதற்கான தடையை எப்போது விவாதிக்கப் போகிறோம் என்று கேட்க வேண்டும். பொறுப்பாளர்களுக்கு 2019இல் ஒதுக்கிய நேரம் உண்மையிலேயே அவர்களுக்குக் கிடைக்கிறதா, அல்லது ஆள் பற்றாக்குறையில் பிற வேலைகள் அதை விழுங்கிவிடுகின்றனவா என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கணக்குக் கேட்க வேண்டும். குடும்பத்தோடு பேசப் போகிறவர் அதற்குமுன் எங்கே, யாரிடம் அந்தப் பேச்சைக் கற்றார் என்றும் கேட்க வேண்டும்.